பதினெட்டாம் நம்பர் செடியின் பத்தாயிரம் பிள்ளைகள்

தேயிலைத் தோட்டத்தில் நாற்றுமேடைக்குப் பொறுப்பாக இருப்பவனுக்கு ஒரு நிச்சயம் உண்டு: செடி நன்றாக வந்தால் அது துரையின் மூளை, வராவிட்டால் அது அவனுடைய கை. உங்கள் மேலதிகாரியும் எங்கேயோ கூட்டத்துக்குப் போய், ஒரு புதுமையைக் கேட்டுக்கொண்டு வந்து, அதை உங்கள் தலையில் கட்டியிருக்கிறாரா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். உட்காருங்கள், சொல்கிறேன். இலங்கையில், வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது நடந்தது இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குச் சற்று முன்னும் பின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதை வேண்டாம்

ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தேன். துரை வந்து நின்று, இனிமேல் தேயிலைக்கு விதையே வேண்டாம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். நல்ல செடி ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் கிளையைக் கணுக்கணுவாக நறுக்கி நட்டால் போதுமாம். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வருமாம். எல்லாம் அச்சு அசலாகத் தாயைப் போலவே இருக்குமாம். அதை ஆட்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவன் நான். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை.

முன் வரிசையில் கவ்வாத்துக் கங்காணி முத்தையா நின்றிருந்தார். செடி வெட்டும் ஆட்களுக்கு அவர்தான் தலைவர். அந்த மாதம் பிரஜாவுரிமை மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார். தகப்பன் இலங்கையிலேயே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டு இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பன் பேரே இல்லாம ஆயிரம் புள்ளைங்களா? இதுங்களுக்கு எவன் ஐயா பிரஜாவுரிமை குடுப்பான்?"

தாய் கிடைத்தாள்

ஏழாம் நம்பர் மலையில் நாற்பது செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை நட்டோம். வாரா வாரம் அந்தச் செடிகளின் கொழுந்தைத் தனித்தனிப் பையில் பறித்துத் தனித்தனியாக நிறுக்க வேண்டும். எது அதிகம் தருகிறதோ அதுதான் தாய். ஏழாம் நம்பர் மலை செங்குத்து. அதனால் நான் தராசோடு கீழே ரோட்டிலேயே நின்றுகொண்டேன். அதில் எனக்கு அப்போது எந்த வெட்கமும் இல்லை.

பதினெட்டாம் நம்பர் செடி எங்களைத் திகைக்க வைத்தது. ராமாயி என்பவள் கொழுந்து பறிக்கும் நிரையில், ஒரு பாறைக்குப் பக்கத்தில் இருந்த சாதாரணச் செடி. மற்றதெல்லாம் தந்ததைப்போல் இரண்டு மடங்கு தந்தது, வாரம் தவறாமல். ஆறாவது மாதம் துரை மலையேறிப் போய், அதன்முன் நின்று தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் நின்ற முத்தையா என் காதோடு சொன்னார்: "முப்பது வருஷமா வேலை செய்யிறேன், எனக்கு ஒரு நாளும் இந்தத் தொப்பி கழலலீங்க."

மொட்டைக் குச்சிகள்

பதினெட்டின் கிளைகளை நறுக்கினோம்; ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு கணு, ஒரு இலை. அந்த ஒற்றை இலைதான் வேர் விடும்வரை குச்சிக்குச் சோறு போடும் என்று பெண்களுக்கு மூன்று தடவை விளக்கினேன். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மேடை முழுக்க வரிசை பிசகாமல் மொட்டைக் குச்சிகள். இலையெல்லாம் கூடையில் பத்திரமாக இருந்தது!

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ கத்தினேன். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து இலையைக் கண்டால் பறித்துப் பழகிய விரல்கள், பேச்சு வாக்கில் பறித்துவிட்டன. அவர்களில் மூத்தவள் கூடையை என் முன்னால் வைத்து, சமாதானமாகக் கேட்டாள்: "இப்ப நிறுத்துக்கிறீங்களா ஐயா, சாயங்காலம் நிறுக்கிறீங்களா?"

பத்தாயிரம் சோம்பேறிகள்

மறுபடி நறுக்கி, மறுபடி நட்டு, நிழலுக்குப் பன்னம் எனும் பெரணி இலை குத்தி, நீர் தெளித்து, கடைசியில் பத்தாயிரம் கன்றுகளைப் புது மலையில் வைத்தோம். மூன்று வருஷம் கழித்துக் கொழுந்துக்கு விட்டோம். துரை சொன்னது அப்படியே பலித்திருந்தது. ஒரே இலை, ஒரே நிறம், ஒரே உயரம். பத்தாயிரமும் ஒன்றுபோலவே கொழுந்து விடாமல் உட்கார்ந்திருந்தன. பக்கத்து மலையின் கிழட்டுச் செடிகள்கூட இதைவிட அதிகம் தந்தன.

துரை ஒரு வாரம் புது மலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலைநீக்கப் பத்துச்சீட்டை வாங்கிக்கொண்டு வேறு தோட்டம் பார்க்கலாம் என்றார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மண்ணா, உரமா, பூச்சியா என்று பிதற்றிக்கொண்டு திரிந்தவனை நிறுத்தி முத்தையா சொன்னார்: "தாயைப் போலவே வரும்னாரு, வந்திருச்சு. இனி தாயைப் போயி விசாரிங்க ஐயா."

தாயை விசாரித்தேன்

ராமாயியிடம் பழைய பையைக் கொடுத்து, பதினெட்டாம் நம்பரை மறுபடி பறிக்கச் சொன்னேன். இந்தத் தடவை ரோட்டில் நிற்கவில்லை. மூச்சு வாங்க மேலே ஏறி, பாறைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் பதினெட்டைப் பறித்தாள். பையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பக்கத்துச் செடி, அதற்கடுத்த செடி என்று இன்னும் இரண்டு செடியின் கொழுந்தையும் மின்னல் வேகத்தில் பறித்து, அதே பையில் திணித்தாள்.

"என்ன ராமாயி இது? அந்தச் செடியில மட்டும்தானே பறிக்கச் சொன்னேன்?"

அவள் பயந்தாலும் தடுமாறவில்லை. "எடை கொறஞ்சா யாரு பேரைங்க எழுதுவீங்க? எம்பேரைத்தானே? செடி பேரையா எழுதுவீங்க?"

அவள் பிறந்த நாள் முதல் இந்தத் தோட்டத்தில் கொழுந்தை நிறுத்ததெல்லாம் பறித்தவளை எடைபோடத்தான். இந்தத் தடவை சோதனை செடிக்குத்தான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். நாங்கள் தேடிக் கண்டுபிடித்தது நல்ல செடியை அல்ல, நல்ல கையை.

"எனக்குப் பத்துச்சீட்டு வருமாங்க?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்கிறேன், பழியை அவள் தலையில் போட்டால் தப்பிக்கலாம் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. துரையிடம் போய், அவளிடம் விளக்காதது என் தப்பு, ரோட்டிலேயே நின்றதும் என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன்.

துரை எழுந்து ஜன்னல் வழியாகப் புது மலையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. கோபமென்று நினைத்தேன், திரும்பினார், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்களிடம் பேச வைத்திருந்த அவருடைய அரைகுறைத் தமிழில் சொன்னார்: "கணக்கப்புள்ள, நாம செடி வெட்டி நட்டது தப்பு. ராமாயிய வெட்டி நட்டா, பத்தாயிரம் ராமாயி வரும்!"

ராமாயிக்கும் பத்துச்சீட்டு வரவில்லை, எனக்கும் வரவில்லை; ஆனால் மூன்று வருஷமும் பத்தாயிரம் கன்றும் கொடுத்து நான் படித்த பாடம், தராசைத் தூக்குகிறவன் எதை நிறுக்கிறான் என்பதை எதிரில் நிற்பவளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே வரிதான்.