எண்ணெய் உறையாத பஸ் வீடு

மார்கழி முடியப் போகிற ஒரு காலை. தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடந்தது. பேத்தி வள்ளிக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். புட்டியை வாசல் வெயிலில் வைத்துவிட்டு அது இளகுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் சினிமாக் கூடாரத்து ஆள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பெரியம்மா போயிட்டாங்க. விடியக்காலம் காப்பித்தண்ணி கேட்டாங்களாம், கொண்டு போறதுக்குள்ளே முடிஞ்சு போச்சுங்க. உங்க ஊட்டுலேதானுங்க போனாங்க."

அவர் சொன்னது என் சம்பந்தி பாவாயம்மாளை. என் மகள் மரகதத்தின் மாமியார். என் வீடு சங்ககிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் கண் மூடியது நாமக்கல்லில், கூடாரத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு பழைய பஸ்ஸுக்குள். அந்த பஸ் எப்படி என் வீடு ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். கருமாதிக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மாப்பிள்ளை கேட்டார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் அச்சுக் கோப்பவர் திருத்திக்கொள்ளட்டும். சேதியில் பிழை இருக்காது.

நீங்கள் அவரைக் கூடாரத்தில் பார்த்திருப்பீர்கள். பெண்கள் பக்கத்து வாசலில் வெள்ளைச் சீலையும் விபூதியுமாக நின்று டிக்கெட்டுக் கிழித்தவர் அவர்தான். குழந்தை அழுதால், "கண்ணுக்குப் படம் புடிக்கலீங்களாட்ட இருக்குது, வெளியே கொண்டாங்க, நான் வேற படம் காட்டறேன்" என்று வாங்கிக்கொண்டு போவார். தாய்க்காரி படம் முடிந்து வரும்போது பிள்ளை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பெண் பார்த்து முடித்து, நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோதுதான் நான் அவரை முதலில் கண்டது. ஒரு காலி நிலத்தில் கூடாரம். அதன் பின்னால் இருக்கைகளைக் கழற்றி எடுத்துவிட்ட பஸ். உள்ளே பாய், பானை, சாமி படம், சுருக்குப் பை. நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஊடு எங்கேங்க?" என்று கேட்டேன்.

"இதானுங்க ஊடு. இப்ப நாமக்கல்லுலே நிக்குது. அடுத்த மாசம் ராசிபுரத்துலே நிக்கும்" என்றார்.

என் நாத்தனார் என் காதைக் கடித்தாள். "தேர்த் திருவிழாவுக்குத் தேருலேயே குடியிருக்கறவங்களாட்ட இருக்குது. நல்லா யோசனை பண்ணிக்கங்க." மாப்பிள்ளை வீட்டார் ஊரில் நிலமும் நீச்சும் உள்ள சொந்தக்காரர்கள்தான், இருந்தாலும் எனக்கும் மனசு சுருங்கத்தான் செய்தது. ஆனால் மரகதம் அந்த பஸ்ஸின் சன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. மரகதத்தை ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அழைத்து வந்து, தலைப்பிரசவத்தை என் வீட்டில் பார்க்க எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பழைய சீலைகளைத் துவைத்துக் காயப் போட்டிருந்த அன்றைக்குச் சேதி வந்தது. ராசிபுரத்தில், அந்த பஸ்ஸுக்குள்ளேயே, காலத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

நாத்தனார் சும்மா இருப்பாளா? "சக்கரத்து மேலே பொறந்த புள்ளைக்கு எந்த ஊருன்னு சொல்றதுங்க?" என்றாள்.

நான் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய கரி பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். கடலை பிடுங்கிய செம்மண் காடு. அதில் பனி இறங்கி, கூடாரமும் பஸ்ஸும் தண்ணீரில் மிதக்கிற மாதிரி தெரிந்தன. உள்ளே தூளிக்குள் என் பேத்தி. பிள்ளை என்று சொல்ல முடியாது. பஞ்சுக்குள் வைத்த அணில் குஞ்சு. தூளிக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு தேங்காய் எண்ணெய்ப் புட்டி கட்டித் தொங்கியது.

"அது எதுக்குங்க?"

"எண்ணெய் உறையாம இருந்தா கண்ணுக்குக் குளுரு இல்லைன்னு அர்த்தமுங்க. நம்ம தோலு பெரிய தோலு, அதுக்குத் தெரியாது. எண்ணெய்க்குத் தெரியும்."

எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. "எங்க ஊட்டுலே மண் செவுருங்க, குளுரு உள்ளே வராது. ரெண்டு மாடு கறக்குது. இந்தத் தகரப் பொட்டிக்குள்ளே எம் பேத்தியெப் போட்டு வெக்க மாட்டேன். இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"ஊடு நல்ல ஊடுதானுங்க. போற வழி ஊடு இல்லீங்களே" என்றார் பாவாயம்மாள். "காத்துலே ஒரு பொழுது போனாலும் இது தாங்காதுங்க சாமி. கொஞ்சம் சதை புடிக்கட்டும்."

"தலைப்பிரசவம் தாய் ஊட்டுலே நடக்கோணும். எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அதையும் நான் பாக்கலைன்னா ஊருக்குள்ளே எந்த மூஞ்சியெ வெச்சுக்கிட்டு நடப்பேனுங்க?"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவாயம்மாள் எழுந்தார். மூலையில் இருந்த தன் துணி மூட்டையை எடுத்தார். சாமி படத்தைக் கும்பிட்டார். இடுப்பிலிருந்து பஸ் கதவுச் சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் படி இறங்கினார். கீழே நின்று அண்ணாந்து என்னைப் பார்த்தார்.

"இன்னீலருந்து இது உங்க ஊடுங்க. மனசாரக் குடுத்துட்டேன். உங்க மக தாய் ஊட்டுலேதான் இருக்கறா. நான் இனி விருந்தாளி. கூப்பிட்டா வாரேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அன்றைக்குப் போய்க் கூடாரத்துக்குள், திரைக்குப் பின்னால் வைக்கோல் பரப்பிப் படுத்தவர், அந்த மார்கழி முழுவதும் அங்கேதான் படுத்தார்.

வீடு கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, பஸ்ஸில் இருந்த சந்து பொந்தையெல்லாம் துணி வைத்து அடைத்தது. சன்னல் பலகைகளை இறுக்கிச் சாத்திச் சாக்கைத் தொங்கவிட்டேன். எங்கள் ஊரில் குளிருக்கு அப்படித்தான் செய்வோம். விடிந்து பார்த்தால் கூரையெல்லாம் முத்து முத்தாக நீர். மரகதத்தின் தலைமுடி நனைந்திருந்தது. தூளித் துணி ஈரம். பனி ஒழுகுகிறது என்று நினைத்து இன்னும் துணி அடைத்தேன். அடுத்த நாள் இன்னும் கூடச் சொட்டியது.

கதவில் தட்டுகிற சத்தம். "உள்ளே வரலாமுங்களா?"

"உங்க ஊடு, வாங்க. கேக்கோணுமா?"

"எங்க ஊடு இல்லீங்க."

வந்தவர் கையில் ஒரு தாம்பாளம். அதில் பழைய சீலையில் சுற்றிய இரண்டு சுட்ட செங்கல். சீர்த் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினார். "விருந்துக்கு வெறுங்கையோட வரக்கூடாதுங்களே." கரி அடுப்பை உள்ளே வைத்தால் குழந்தைக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரியிடம் விருந்தாளி அதைச் சொல்லலாமா? அதனால் வெளியே அடுப்பு மூட்டி, கல்லைச் சுட்டு, நான் அடுப்பைப் பற்றி நினைக்கிறதற்கு முன்னாலேயே கொண்டு வந்துவிட்டார். தூளிக்கு இரண்டு பக்கமும் அந்தக் கல்லை வைத்தோம்.

அவர் உட்கார்ந்ததும் கூரையிலிருந்து ஒரு சொட்டு சரியாக அவர் நெற்றி விபூதியில் விழுந்தது. துடைத்துக்கொண்டார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். சொல்ல வாய் வரைக்கும் வருகிறது, வந்து நின்றுவிடுகிறது.

"ஏனுங்க சம்பந்தி, விருந்தாளிக்கு மூச்சு முட்டுதுங்க. கோவிச்சுக்காம காத்து வராத பக்கம் ஒரு சன்னலை ஒரு சாண் தெறந்து வெச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

"குளுரு வந்துருமேங்க."

"குளுருக்குப் போர்வை இருக்குதுங்க. ஈரத்துக்கு ஏதுங்க போர்வை?"

விருந்தாளி கேட்டால் மறுக்க முடியுமா? திறந்து வைத்தேன். மறுநாள் காலையில் கூரை காய்ந்திருந்தது. அது பனியே இல்லை, எங்கள் மூச்சே தகரத்தில் பட்டு நீராகச் சொட்டியிருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. மரகதம் அன்றைக்குப் பிள்ளை பெற்றபின் முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்கம்மாவுக்கு நல்ல விருந்தாளிதான் வாச்சிருக்குது" என்றாள்.

தரைதான் மோசம். இரும்புத் தகட்டுக்குக் கீழே காற்று ஓடும். அதற்குப் பாவாயம்மாள் கண்டுபிடித்த வழி கடலைத் தோல். முதல் ஆட்டம் முடிந்தால் கூடாரத்துக்குள் கால் வைக்கிற இடமெல்லாம் நீங்கள் தின்று போட்ட கடலைத் தோல்தான். அதைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டுத் தைத்துக் கொண்டு வருவார். பாய்க்கு அடியில் அதைப் பரப்பினால் உள்ளங்காலுக்குக் கதகதப்பாக இருக்கும். நடந்தால் மொறுமொறுவென்று சத்தம். என் பேத்தி கேட்டு வளர்ந்த முதல் சத்தம் அது.

பொழுது சாய்ந்தால் கூடாரத்துப் பாட்டும் அழுகையும் வாள் சண்டையும் சன்னலின் ஒரு சாண் வழியாக உள்ளே வரும். ஒரு நாள் மரகதம் தூளியைப் பார்த்துக்கொள்ள, பாவாயம்மாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் திரைக்குப் பின்னால் தன் வைக்கோலில் உட்கார வைத்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் மாறித் தெரிந்தது. ராஜா இடது கையால் வாள் பிடித்தார். ராணி இடப்பக்கம் மூக்குத்தி போட்டிருந்தாள். வெளிச்சம் சீலையில் ஊறி எங்கள் மடியில் விழுந்தது. "முன்னாலே இருக்கறவங்களுக்குக் கதை தெரியுது. நமக்கு வெளிச்சம் தெரியுது" என்றார். படம் எது என்று இப்போது நினைவில்லை. வைக்கோல் வாசனையும், எங்கள் இருவர் சீலையிலும் நிழல்கள் நீந்திப் போனதும் மட்டும் நினைவிருக்கிறது.

பிறகு கொல்லிமலைப் பக்கமிருந்து காற்றுத் திரும்பியது. மேகம் மூடிக்கொண்டு வெயிலே இல்லை. செங்கல் சூடு நிற்கவில்லை. புட்டியில் எண்ணெய் உறைந்தது. உச்சிப் பொழுதிலும் இளகவில்லை. குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. அழக்கூட இல்லை. பாதம் இரண்டும் சில்லென்று இருந்தன. மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது பொழைக்குமா?" என்று கேட்டாள். நான் பாவாயம்மாளைத் தேடினேன். அவர் அங்கே இல்லை.

தமுக்கு அடிக்கிற சத்தம் கேட்டது. கூடாரத்து மாட்டு வண்டி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. வண்டியில் அவரே உட்கார்ந்து கத்திக்கொண்டு போனார். "ஒரு சாக்குக் காஞ்ச கடலைத் தோலு கொண்டாந்தா ஒரு ஆளுக்குப் படம் சும்மா! வாங்க சாமி, வாங்க!"

ராசிபுரத்துக்காரர்களே, உங்களில் சிலர் அன்றைக்கு வந்திருப்பீர்கள். எதற்கு என்று அப்போது தெரிந்திருக்காது. தலையில் சாக்கும் இடுப்பில் பிள்ளையுமாக, காட்டு வழியெல்லாம் வரிசையாக வந்தீர்கள். "பீடியெக் கீழே போட்டு முதிச்சுட்டு வாங்க சாமி, அத்தனையும் தீப்புடிக்கிற சரக்கு" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். சாக்கு மேல் சாக்கு வைத்து, பஸ்ஸைச் சுற்றி, சக்கரம் மறைய, சன்னல் வரைக்கும் சுவர் எழுந்தது. கூரைமேலும் ஏற்றினார்கள். திறந்த அந்த ஒரு சாணை மட்டும் அவர் அடைக்கவிடவில்லை. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து மரகதத்தின் நெஞ்சோடு வைத்துச் சேர்த்துக் கட்டினோம்.

மறுநாள் காலையில் புட்டியைப் பார்த்தேன். வெள்ளைக்கு நடுவில், கண்மணி அளவுக்கு எண்ணெய் தெளிந்திருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரகதத்தின் சீலைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கத்தல். பாலுக்கு.

நான் கதவைத் திறந்து கூப்பிட்டேன். அவர் படியில்தான் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. முக்காடெல்லாம் பனி. "உள்ளே வாங்க" என்றேன். "ஊட்டுக்காரி கூப்புட்டா வந்துதானே ஆகோணும்" என்று எழுந்தார்.

தை பிறந்து வெயில் ஏறியதும் தாயையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டி வந்தேன். புறப்படும்போது சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்கங்க. உங்க ஊட்டுலே நான் குடியிருந்துக்கறேன்" என்றார். அதற்கப்புறம் எந்த ஊரில் கூடாரம் போட்டாலும் "சங்ககிரிச் சம்பந்தி ஊடு" என்றுதான் அந்த பஸ்ஸைச் சொன்னார். வள்ளி இப்போது என்னோடு இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் வாசிப்பது அவள்தான். நாத்தனார் ஒரு நாள் வேண்டுமென்றே, "நீ எந்த ஊர்லே பொறந்தே கண்ணு?" என்று கேட்டாள். "எங்க அம்மாயி ஊட்டுலே" என்றாள் என் பேத்தி, என்னைக் காட்டி. அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள் அப்பத்தாதான்.

சேதி வந்த அன்றைக்கு வள்ளியைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் போனேன். பஸ்ஸைச் சுற்றிக் கூட்டம். உள்ளே அவரைக் கிடத்தியிருந்தார்கள். குளிர் என்று எல்லாச் சன்னலையும் சாத்தியிருந்தார்கள். பத்துப் பேர் மூச்சில் கூரை வேர்த்து, அவர் நெற்றிக்கு நேர்மேலே ஒரு சொட்டு திரண்டு நின்றது.

நான் போய்க் காற்று வராத பக்கத்துச் சன்னலை ஒரு சாண் திறந்தேன். யாரோ, "பனி உள்ளே வருமுங்க" என்றார்கள்.

"இது என் ஊடு" என்றேன். "எம் விருந்தாளிக்கு மூச்சு முட்டும்."

சாவி என் இடுப்பில் இருக்கிறது. எண்ணெய்ப் புட்டியை என் வீட்டுச் சன்னலில் கட்டியிருக்கிறேன். அந்தச் சன்னல் எந்த மார்கழியிலும் ஒரு சாண் திறந்தேதான் இருக்கும்.