சில்லி பின்னுக்குள் இருந்தது மீன்

ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த சதையை விற்றாளாம், மாமியாரிடம் பிடிபட்டதும் ஓடிப்போனாளாம்! பாபடோயிட்டோய் ஊர்த் தமிழ்ச் சனம் முழுக்க இதே கதை. பிரணவியின் காரில் இருந்த சில்லி பின்னை, அந்த ஐஸ் பெட்டியை, யாராவது ஒரு நாள் திறந்து பார்த்தார்களா? ஒனிஹங்கா மீன்கடையில் வாங்கிய மீன்தான் அதற்குள். ஆஸ்பத்திரிச் சாமான் ஆஸ்பத்திரியை விட்டு அவள் வீட்டுக்கு வருமா?

அவள் வேலை இதுதான். மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்த பெண்களோடு ஒப்பரேசனுக்கு முன்னரே இருந்து கதைப்பாள். வெட்டியெடுக்கும் கட்டியில் சோதித்தது போக மிஞ்சும் துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்பாள். சில குடும்பங்களில் இந்த நோய் தாய்க்குப் பிறகு மகளையும் ஏன் பிடிக்கிறது என்று தேடுகிறார்களாம். ஓம் என்றால் உறைய வைத்துச் சேமிப்பார்கள். வேண்டாம் என்றால், "சரி அக்கா" என்று எழும்பிவிடுவாள். யார் என்ன சொன்னாலும் கடைசியில் ஒரே வாக்கு: "உங்கட பேர் என்ர வாயில வராது."

அந்த வாக்குத்தான் வினையாகப் போனது.

மாமியார் சரோஜாதேவிக்கும் மார்பில் கட்டி வந்தது. மகன் வசீகரனையும் மருமகளையும் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்றாள். ஆனால் கோயிலில் எதிர்வீட்டுச் சற்குணம் கிட்ட வந்து, "அக்கா, எப்ப ஒப்பரேசன்?" என்று கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த மாமியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ சொல்லாமல் அவளுக்கு எப்பிடியடி தெரியும்?"

பிரணவி மீன் கழுவிக்கொண்டு நின்றாள். எப்படியென்று அவளுக்குத் தெரியும். சற்குணத்துக்கும் அதே நோய். ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்த சற்குணம், சரோஜாதேவி உள்ளே போவதைக் கண்டாள். அவள் பார்த்துவிட்டதைப் பிரணவியும் கவனித்தாள். சற்குணத்திடம் துண்டு கேட்டு வாக்குக் கொடுத்ததும் பிரணவியேதான். பிறகு சற்குணமே தன் வாயால் சொன்னபடியால்தான் இதெல்லாம் இப்போது வெளியே வருகிறது. அன்றைக்கு, "அவவையே கேளுங்கோ" என்றிருந்தாலும் அந்தப் பெண்ணின் மறைப்பு உடைந்திருக்கும்.

"நான் சொல்லேல்லை மாமி."

"அப்ப ஆர் சொன்னது?"

பிரணவி அடுத்த மீனைக் கையில் எடுத்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையோ? கோயில் வாசலில என்ர மானத்தை வித்திட்டாய். இனிச் சதைதான் மிச்சம். அதையும் உன்ர பெட்டிக்குள்ள போடப் பாக்கிறியோ?"

"ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லனப்பா," என்றான் தாயின் பின்னால் வந்த வசீகரன்.

பிரணவி மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"கள்ளி! நான் ஒப்பரேசனுக்குப் போட்டு வரும் வரைக்கும் நீ இந்த வீட்டில நிக்கக்கூடாது."

பிரணவி கையைத் துடைத்தாள். உடுப்புப் பையை எடுத்தாள்.

"மாமி, ஒப்பரேசன் அண்டைக்கு விடிய ஒண்டும் தின்னாதேங்கோ. தேத்தண்ணியும் வேண்டாம். குழம்புக்குப் புளி கரைச்சு வச்சிருக்கு."

மிச்ச மீன் கிடந்த சில்லி பின்னின் மூடியைத் திறந்து, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வாசற்படியில் வைத்தாள். எதிர்வீட்டு யன்னல் திரை அசைந்தது. பிரணவி அந்தப் பக்கம் திரும்பியும் பாராமல் காருக்கு நடந்தாள்.