அன்றைய தேதி

தம்பிதுரை அன்னூர்க்காரர், தோட்டக்கூலிக் குடும்பம். எங்கள் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் அறைவாசல் டவாலியாக இருந்து ஆறு துணைவேந்தர்களைப் பார்த்தவர். மனதார ‘ஐயா’ என்றது கோவிந்தராஜுலுவை மட்டும்தான். காலையில் ஐயாவின் பேனாவில் பச்சை மை நிரப்பி, மேசையில் தாள்களை அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு வெளியே ஸ்டூலில் உட்காருவார்.

கோவிந்தராஜுலு கட்டடம் எதுவும் கட்டவில்லை. பட்டச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே கையெழுத்திட்டு, கீழே அன்றைய தேதியைப் போடுவார். முன்தேதி கேட்டு மந்திரி சிபாரிசோடு வந்தவரையே திருப்பியனுப்பினார்.

1996இல் கையெழுத்துக்கு வந்த கட்டொன்றில் தம்பிதுரையின் மகள் கயல்விழியின் சான்றிதழும் இருந்தது. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம்.

“மேல வெச்சா சலுகைம்பாங்க சார்” என்று என்னிடம் சொல்லி, தம்பிதுரை அதை அடியில் வைத்தார். கட்டு முடிவதற்குள், தன் நாற்காலியிலேயே, மாரடைப்பில் ஐயா போய்விட்டார். அந்த ஒன்று மட்டும் கையெழுத்தில்லாமல் நின்றது. கயல்விழிக்குப் பெருந்துறைப் பள்ளியில் வேலை தயார்; வெள்ளிக்கிழமைக்குள் பட்டத்தைக் காட்டவேண்டும். புதியவர் வர மாதமாகும் என்றார்கள். நல்லவராக இருந்தே கெட்டாரே தம்பிதுரை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஐயாவின் பதினாறாம் நாள், கெடுவுக்கு முந்தின வியாழக்கிழமை. தம்பிதுரை பழக்கதோஷத்தில் பேனாவில் மை நிரப்பி, சான்றிதழையும் மேசையில் வைத்துக் கதவைச் சாத்தினார். தேர்வுப் பிரிவு குமாஸ்தாவான எனக்கு எதிரேதான் அந்தக் கதவு. யாரும் உள்ளே போகவில்லை.

பதினோரு மணிக்கு உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ செருமினார்கள். அழைப்பு மணி அடித்தது.

“வந்துட்டனுங்க” என்று தம்பிதுரை உள்ளே போய்விட்டார்.

சான்றிதழோடு வந்தார். ஐயாவின் கையெழுத்தேதான், பச்சை மை ஈரமாக. கீழே தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி.

“செத்து பதினாறு நாளாச்சேண்ணா, இத எவன் ஒத்துக்குவான்? பிளேடால சுரண்டித் தேதிய மாத்திப்போடலாம். புள்ளையோட வேலையப் பாருங்க” என்றேன்.

தம்பிதுரை அழுதார். “போனதுக்கப்புறமும் வந்து சரியான தேதி போட்டிருக்காருங்க. அதுல நான் கை வெக்கறதுங்களா?”

பெருந்துறை வேலை போயிற்று. புதிய துணைவேந்தர் வேறு சான்றிதழில் கையெழுத்திட்டார். மறுவருடம் கயல்விழிக்குச் சூலூரில் வேலை கிடைத்தது.

மூன்று வருடம் கழித்து தம்பிதுரை வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்த பழைய சான்றிதழைக் காட்டினார். தேதியை விரலால் தொட்டேன்.

மை ஒட்டியது.