மேல்மண் போன வயல்

சபிதா நாகர்கோவிலில் ஒரு தையல்கடையில் ஜாக்கெட் தைப்பவள். வயல் அவளுக்குப் பழக்கமில்லை. அது புருஷன் தாணுவின் பாடு. தோவாளையில் கால்வாயை ஒட்டி அவர்களுக்கு ஒரு வயல் இருந்தது. மேட்டு நிலம். கால்வாய் நிறைந்து ஓடினாலும் பாதி வயலுக்குத் தண்ணீர் ஏறாது. "மேல ஒரு அடி மண்ணை நான் எடுத்துக்கிடுகேன். வயலு தாழ்ந்தா தண்ணி தானா பாயும்லா" என்று செங்கல்சூளைக்காரன் ஒருவன் சொன்னபோது தாணுவுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சரி என்றுவிட்டான்.

தண்ணீர் பாய்ந்தது. நெல்தான் வரவில்லை. நட்ட நாற்று மஞ்சளடித்து அப்படியே நின்றது. தாணு யூரியாவை வீசிப் பார்த்தான். கொஞ்ச நாள் பச்சை காட்டும், பிறகு பழைய கோலம். அறுத்தால் பாதிக்குமேல் பதர். பூ என்று ஊரில் சொல்லும் அடுத்த போகத்திலும் அதே கதைதான். அதன்பின் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. டில்லரில் ஊரார் வயலை உழுதுவிட்டு, சொந்த வயல் கண்ணில் படாதபடி சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

விளைச்சல் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்ட சபிதாவுக்கு அவன் இப்படி ஒளிந்து நடப்பதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வயலில் நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். சோதனை முடிவு வந்ததும் அஞ்சலி என்ற அலுவலர் அவளை உட்கார வைத்துச் சொன்னாள்:

"சத்தெல்லாம் அந்த மேல்மண்ணோட போயிட்டு அக்கா. இப்ப இருக்கது அடிமண்ணு. உரம் போட்டாலும் அதைப் பிடிச்சு வைக்க இதுக்குத் தெம்பில்ல. தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கும்போது மடக்கி உழுங்க, அது மக்கி உரமாயிரும். குழை, சாணி எது கிடைச்சாலும் போடுங்க. ஆனா உடனே மாறாது கேட்டியளா."

"மாறுமா, மாறாதா? அதைச் சொல்லுங்கம்மா."

"மாறும்."

சபிதாவுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

"நெல்லு போட வேண்டிய வயல்ல செடியா போடப்போற? ஊரு சிரிக்கும்ட்டி" என்றான் தாணு.

"சிரிக்கட்டும். உழுது தருவியளா, இல்ல வேற டில்லர் கூப்பிடணுமா?"

தாணு வண்டியை எடுத்தான்.

தக்கைப்பூண்டு இடுப்புக்கு வளர்ந்து பூத்ததும் மடக்கி உழுதார்கள். கோடையில் குளத்து வண்டல் அடித்தார்கள். விடிந்ததும் வேப்பங்குழையும் புங்கங்குழையும் வெட்டிப் போட்டுவிட்டுத்தான் சபிதா பஸ் ஏறுவாள். இத்தனைக்குப் பிறகும் கன்னிப்பூ அறுவடை சுமாராகத்தான் வந்தது. அன்று வரப்பில் உட்கார்ந்து அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மறுபடி தக்கைப்பூண்டு விதைத்தாள்.

அடுத்த வருஷம் உழவின்போது டில்லருக்குப் பின்னால் கொக்குகள் வந்திறங்கின. தாணு வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து மண்ணைக் கிளறினான். மண்புழு நெளிந்தது.

"இஞ்ச வா சபி. பாரு."

அவள் சேறு மிதித்து வந்து பார்த்தாள். புழுவை மண்ணோடு அள்ளி மறுபடி சேற்றுக்குள் விட்டாள்.

அந்தப் பூவில் நட்ட பயிரின் பச்சை கடைசிவரை இறங்கவில்லை. கதிர் கனத்துச் சாய்ந்தது. மழை வருமோ என்ற பயம் மட்டும் இருந்தது, அதுவும் வரவில்லை. நெல் வீடு வந்து சேர்ந்த அன்று சபிதா குளித்துச் சோறு தின்றுவிட்டு, பாத்திரம் கழுவாமலே படுத்து உறங்கிப்போனாள். தாணு சத்தம் வராமல் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.