பக்கம் மாறிய இசைத்தட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குக் குரும்பகரத்தில் ஒரு ரைஸ்மில்லில் எலெக்ட்ரீஷியன் வேலை. மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவர், மூட்டை அடுக்கும் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை எஃகுக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுவார். பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய காந்தச் சுருளைக் கம்பிக்கு அடியில் வைத்து ரேடியோவோடு இணைப்பார். கம்பியைத் தேய்த்தால் மழைக்கு முன்னால் வானம் உறுமுவதுபோல ஓர் ஓசை வரும். மூட்டை தூக்கும் அவருடைய சிநேகிதர் காலி டீசல் பீப்பாய்களைத் தட்டுவார். நான் பொத்தான்களை அழுத்தித் தந்தியை மீட்டும் புல்புல்தாரா வாசிப்பேன். மெட்டும் கிடையாது, பாட்டும் கிடையாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் மோட்டார் பழுதா என்று விசாரித்தார்கள்.

எங்களைப்போல காரைக்காலில் இன்னொரு குழுவும் இருந்தது. இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அவர்களுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஸ்பூல் டேப் ரெக்கார்டர்களைத் தம்பி பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே நாடாவை இரண்டின் வழியாகவும் ஓடவிடுவார். அண்ணன் வார்த்தை இல்லாமல் நீளமாகக் குரல் எடுப்பார். முதல் மெஷின் பதிந்ததை இரண்டாவது மெஷின் சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லும். அதன்மேல் அவர் மறுபடியும் பாடுவார். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பத்துப் பேராகிவிடுவார். வீட்டில் பாட்டு கூடாது என்று அவர்களுடைய உம்மா சொல்லிவிட்டதால் எல்லாம் கடைக் கிடங்கில்தான் நடக்கும்.

இரண்டு குழுவுக்கும் ஒன்றுக்கொன்று ஆகாது. அது பாட்டில்லை, மெஷின் காட்டுகிற வித்தை என்பார் என் கணவர். கம்பியில் மின்சாரம் இருக்கிறது, மனுஷன் இல்லை என்று அண்ணன் சொன்னதாக எங்கள் காதுக்கு வந்தது.

ஒரு கலைவிழாவில் எங்களை அடுத்தடுத்து மேடையேற்றினார்கள். நாங்கள் முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. அவர்கள் முடித்தபோது வாட்ச்மேனும் ஓர் இளைஞனும்தான் மிச்சம். அவன் பிரான்சில் பிறந்தவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அங்கேயே தங்கிவிட்ட காரைக்கால்காரர் ஒருவரின் மகன், அப்பாவோடு விடுமுறைக்கு வந்திருந்தான். இந்த மாதிரி யாரும் கேட்காத இசையை அவனும் சிநேகிதர்களும் நூறு நூறு இசைத்தட்டாகப் போட்டுவந்தார்களாம். ஒரே தட்டில் பக்கத்துக்கு ஒரு குழுவாகப் போடலாம் என்றான். தமிழ் அவனுக்கு அரைகுறை. அதனால் நான்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

முதல் பக்கம் யாருக்கு என்பதில் இரண்டு மாதம் போனது. கடைசியில் பக்கங்களுக்கு எண்ணே வேண்டாம், ஒன்றில் குரும்பகரம் என்றும் மற்றதில் காரைக்கால் என்றும் மட்டும் அச்சடிக்கட்டும் என்று நான் பிரான்சுக்கு எழுதிப்போட்டேன். எங்கள் பக்கத்தைப் பதிவு செய்யத் தம்பியின் மெஷின் வேண்டியிருந்ததால் அண்ணனும் தம்பியும் மில்லுக்கு வந்தார்கள். கம்பி கட்டியிருந்த சுவரில் அண்ணன் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் காதை எடுக்கும்வரை என் கணவர் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாடாக்களையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பெயர் எழுதிப் பார்சல் கட்டியது நான். பள்ளிக்கு மணியடிக்கிற நேரம், அவசரம்.

தட்டுகள் வந்துசேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அண்ணன் வேலை கிடைத்து வளைகுடாவுக்குப் போயிருந்தார். நூறில் ஐம்பது எங்கள் இரண்டு குழுவுக்கும். என் கணவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, குரும்பகரம் என்றிருந்த பக்கத்தில் ஊசியை வைத்தார். அண்ணனின் குரல் வந்தது. திருப்பிப் போட்டார். காரைக்கால் என்ற பெயரின் கீழ் அவருடைய கம்பி உறுமியது. பிரான்சுக்காரனுக்குக் கூறு இல்லை என்று திட்டினார். தம்பி வந்து பார்த்து அவரும் திட்டினார். பெட்டி மாறியது என் கையில்தான் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து, குரும்பகரம் குழுவுக்கு என்று முகவரி எழுதி பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பெண். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. யாரோ கொடுத்த இந்தத் தட்டைப் போட்டபோது, குரும்பகரம் என்ற பக்கத்தில் வரும் குரலோடு சேர்ந்து அவர் முனகினாராம். எட்டு மாதத்தில் அவர் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது. அந்தப் பாடகருக்கு நன்றி சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

என் கணவருக்குப் படித்துச் சொன்னேன். யாராவது ஒருவர் அவருடைய கம்பியைப் பற்றி எழுதமாட்டார்களா என்று அவர் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கடிதத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.  ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவராகவே எடுத்துவந்தார்.

"இது அண்ணங்காரன் லெட்டரு. அவங்க வீட்டுல கொண்டுபோயிக் குடுத்துரு."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. பெட்டியை மாற்றி வைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"தட்டு வந்த அன்னைக்கே தெரியுங்க."

அவர் சத்தம் போடவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தி, நானும் வருகிறேன் என்றார்.

அவர்கள் வீட்டில் தம்பி எங்களை உள்ளே உட்காரவைத்தார். உம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் முதலில் என் தப்பைச் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, உம்மா மெல்ல வெளியே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அந்தப் பெரியவரு இப்பப் பேசுறாராம்மா?"

தெரியவில்லை என்றேன்.

"எழுதிக் கேளுங்க டீச்சரம்மா. அவருக்காக அல்லாகிட்ட நான் துஆ கேக்குறேன்னும் எழுதுங்க."

உம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். உண்மையில் பாடியவர் யார் என்பதையும் எழுதினேன். இன்னும் பேச்சு வரவில்லை, ஆனால் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டைக் கேட்டு முனகுகிறார் என்று பதில் வந்தது. அதையும் கொண்டுபோய்ப் படித்துக்காட்டினேன். எங்களிடம் இருந்த ஐம்பது தட்டுகளுக்கும் சரியான பெயரைக் காகிதத்தில் எழுதி, என் கணவரும் தம்பியும் கடைக் கிடங்கில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினார்கள். பிரான்சில் இருந்தவை தப்பாகவே இருந்துவிட்டன.

அண்ணன் மூன்றாம் வருஷம் லீவில் வந்தார். ஆள் இளைத்திருந்தார். அங்கே சிமெண்டுக் கிடங்கில் வேலை, பாடுவதே இல்லை என்றார். வந்த வாரமே மில்லுக்கு வந்து, கம்பியைக் கட்டுங்களேன் என்று என் கணவரிடம் கேட்டார். அன்று ஞாயிறு இல்லை, என் பள்ளிக்கு மட்டும்தான் விடுமுறை. ஆனாலும் என் கணவர் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் கம்பியை இழுத்துக் கட்டினார். அது உறும, அண்ணன் தாழ்ந்த குரலில் சேர்ந்துகொண்டார். குரல் நடுவில் கரகரத்து உடைந்தது. அவர் நிறுத்தியபோதெல்லாம் என் கணவரும் ஓசையை அடக்கிக்கொண்டு, அவர் மறுபடி தொடங்கும்வரை காத்திருந்தார். தம்பி மெஷினை எடுத்துவரட்டுமா என்று கேட்டதற்கு அண்ணன் கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

சாப்பிட உட்கார்ந்திருந்த மில் பெண்கள் நாலைந்து பேர் தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்று கேட்டார்கள். ஒருத்தியும் பாதியில் போகவில்லை.