ஏழு பாத்திக்கு எத்தனை பல்?

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். பன்னிரண்டு வருட அனுபவம் என்ற மிதப்பு. மூக்குக்கு மேல் கோபம் வேறு. என் நான்காம் வகுப்பில் ஒரு பெண். எதைக் கேட்டாலும் எழுந்து நிற்பாள், பேச மாட்டாள். "மண்டு, உட்கார்!" என்று அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். பூண்டு பயிரிடும் அவள் அப்பாவிடமும், "இவளுக்குப் படிப்பு ஏறாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப இந்த மாசத்தோட நிப்பாட்டிடுறேங்க. காட்டுல சோலி கெடக்கு" என்றார் அவர்.

அந்தச் சனிக்கிழமை கொடைக்கானலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. லீவும் போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன். பயிற்சி நடத்திய அம்மா எடுத்த எடுப்பில் என்னை எழுப்பி, "பதினெட்டைப் பதிமூணால பெருக்கினா எவ்வளவு சார்?" என்றார். நான் மனசுக்குள் பெருக்கி முடிப்பதற்குள், "தெரியலையா? உட்காருங்க. அடுத்தவர்!" என்றுவிட்டார். அத்தனை பேர் முன்னால் எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பிள்ளைகளை நாம இப்படித்தானே உக்கார வைக்கிறோம்? கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அப்புறம் பேசுங்க."

திங்கட்கிழமை அந்தப் பெண்ணைத்தான் முதலில் எழுப்பினேன். "ஒரு பாத்திக்கு முப்பத்தாறு பூண்டுப் பல் நட்டா, ஏழு பாத்திக்கு எத்தனை பல் வேணும்?"

எண்ணினேன். ஐந்து. ஆறு. திட்டச் சொல்லி நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டேன். எட்டு. ஒன்பது.

"இருநூத்தி அம்பத்திரண்டு சார்" என்றாள். பிறகு மெதுவாக, "பத்துப் பல்லு கூட எடுத்துக்கிடணும் சார். சிலது மொளைக்காது."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தும்விட்டேன்! வகுப்பே ஓவென்று சிரித்தது. மணி அடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூண்டுக் காட்டுக்கு ஓடி, நடந்ததைச் சொன்னேன்.

"நீங்கதானுங்களே ஏறாதுன்னீங்க?" என்றார் அவள் அப்பா.

"தப்பாச் சொல்லிட்டேங்க. மண்டு நான்தான். அவளை நிப்பாட்டிடாதீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அங்கேயும் எண்ணிக்கொண்டு நின்றேன். "சரிங்க, வரட்டும்" என்றார். அப்பாடா!

அதன் பிறகு எந்தப் பயிற்சி என்றாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். ஆனாலும் அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடத்தில் நான் உட்கார வைத்த பிள்ளைகளில் எத்தனை பேர் விடை தெரிந்தே உட்கார்ந்தார்களோ என்ற நினைப்பு மட்டும் இன்னும் என்னை விடவில்லை.