டெல்ஃபாவிடம் இருக்கும் திருகு

டெல்ஃபா ஸ்கிட்மோர் என் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைப்பாதையில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வாய் அதிகம், மனசு தங்கம்.

அவள் அப்பா விட்டுப்போன சொத்து, அணில் வேட்டைக்கான ஒரு பழைய சின்னத் துப்பாக்கி. பக்கவாட்டிலிருக்கும் திருகைக் கழற்றினால் இரும்புக் குழல் தனி, பிடிக்கிற மரக்கட்டை தனி என்று இரண்டாகப் பிரியும். மனுஷன் குசும்புக்காரர். குழலைப் பெரியவன் ஹோபர்ட்டுக்கும், கட்டையைச் சின்னவன் ஓக்கிக்கும், திருகை அவர்களின் அக்கா டெல்ஃபாவுக்கும் எழுதிவைத்தார். தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வேட்டை நாய் யாருக்கு என்று தொடங்கிய சண்டை. நாய் செத்தே ஒன்பது வருடமாகிறது! ஆனாலும் செப்டம்பரில் அணில் வேட்டைக்கு அனுமதி தொடங்கும் நாளன்று துப்பாக்கியைச் சேர்க்க இருவரும் அக்கா சமையலறைக்கு வந்தே தீர வேண்டும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்குத் தம்பிகள் இருவரும் ஒரே மேஜையில்.

இந்த வருடம் அதற்கும் வேட்டு வைத்தார்கள். துப்பாக்கிச் சந்தையில் அதே ரகத்தில் ஹோபர்ட் ஒரு கட்டையும், ஓக்கி வேறொரு குழலும், ஆளுக்கொரு திருகும் வாங்கிவிட்டார்கள்.

"இனிமே எதுக்குடி வரப்போறானுங்க?" என்று டெல்ஃபா என்னிடம் அழுதேவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் அறைந்திருப்பேன்.

ஆனாலும் வேட்டை நாளில் தம்பிகளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். துணைக்கு நானும் போனேன். விடியும்போது ஹோபர்ட் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"வாங்கின கட்டை பொருந்தலக்கா. கடகடன்னு ஆடுது."

பின்னாலேயே ஓக்கி. அவன் வாங்கிய குழல் உள்ளேயே போகவில்லையாம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு குழலையும் அதனதன் கட்டைக்கென்று அரம்போட்டு இழைத்திருப்பார்கள். மலையில் பிறந்தவன்களுக்கு இதுகூடத் தெரியவில்லை! நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அக்கா, அவனைக் குழலை நீட்டச் சொல்லு," என்றான் ஓக்கி.

"முதல்ல அந்தத் துரையைக் கட்டையை நேராப் பிடிக்கச் சொல்லுக்கா."

"ஏன்டா, நான் என்ன தபால் ஆபீஸா? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

அப்பாவின் குழல் அப்பாவின் கட்டையில் டக்கென்று உட்கார்ந்தது. டெல்ஃபா திருகை முடுக்கினாள். மத்தியானத்துக்குள் நான்கு அணில். குழம்பு கொதித்தது.

"அண்ணா, உப்பை இப்படித் தள்ளு," என்றான் ஓக்கி. நேராக அண்ணனிடம்! ஹோபர்ட் தள்ளினான். டெல்ஃபா அடுப்புப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டதும் அவள் துப்பாக்கியில் குண்டு இல்லையென்று பார்த்துவிட்டுத் திருகில் கைவைத்தாள்.

"அது பாட்டுக்கு அதிலேயே இருக்கட்டுமேக்கா," என்றான் ஹோபர்ட். "வருஷா வருஷம் எதுக்குக் கழட்டிக்கிட்டு?"

"விட்டுட்டா அடுத்த வருஷம் வருவீங்களாடா?"

ஹோபர்ட் குழலைப் பிடித்துக்கொண்டான், ஓக்கி கட்டையைப் பிடித்துக்கொண்டான். டெல்ஃபா கழற்றிய திருகை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.